முதலில் நகல், அப்புறம் அப்டேட், கடைசியில் வேகம்

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் வாங்கிய அசெம்பிள்டு சிஸ்டம். இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜி.பி. ராம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரவே ஐந்து நிமிடம், குரோம் திறக்க இன்னும் இரண்டு நிமிடம். உள்ளே பன்னிரண்டு வருடப் போட்டோக்கள், அப்பா ஓய்வுபெற்ற பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்த குடும்ப வரலாறு, மனைவி நடத்தும் கடையின் டாலி கணக்கு. கடைக்காரர் சொன்ன யோசனை இது: "அப்டேட்டை ஆஃப் பண்ணிடலாம் சார். ஒரு ஃபார்மட் அடிச்சா புதுசு மாதிரி ஓடும். முக்கியமானதை எல்லாம் டி டிரைவ்ல போட்டு வைங்க." இதன்படி செய்யலாமா?

இந்த வாரம் வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஃபார்மட் அடித்தால் கொஞ்ச நாள் வேகமாகத்தான் ஓடும். ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. வேகம் என்பது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் நகல், அப்புறம் அப்டேட், அதற்கும் அப்புறம்தான் வேகம். நான் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் இலை போடுவதற்கு முன்பே "அந்த சிஸ்டத்தைக் கொஞ்சம் பாருப்பா" என்று கூப்பிட்டுவிடுவார்கள். அப்படிப் பார்த்ததில், போனது போனதுதான் என்று கைவிட்ட சிஸ்டங்களில் பாதிக்கு மேல் பழுதால் போனவை அல்ல. வேகமாக்கப் போய்ப் போனவை.

முதலில் இந்த டி டிரைவ் விஷயத்தை முடித்துவிடுவோம். ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் திறங்கள். கீழ்ப்பாதியில் இடது ஓரமாக ஒரு சாம்பல் பெட்டியில் 'டிஸ்க் 0' என்று இருக்கும். அதற்கு வலப்பக்கம் ஒரே வரிசையில் சி, டி, ஈ என்று கட்டங்கள் நிற்கும். 'டிஸ்க் 1' என்று இன்னொரு வரிசை உங்களுக்கு இருக்காது என்றே நினைக்கிறேன். அதாவது பீரோ ஒன்றுதான், தட்டுதான் மூன்று. மேல் தட்டுப் புடவையைக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டுப் பத்திரம் என்று நினைப்பது மாதிரிதான் சி-யில் இருப்பதை டி-யில் போடுவதும். ஹார்டு டிஸ்க் செத்தால் மூன்றும் ஒன்றாகச் சாகும்.

சி-யை மட்டும் ஃபார்மட் அடித்தால் டி தப்பிக்கும் என்பது உண்மைதான், அந்தப் பழக்கம் வந்ததே அதனால்தான். ஆனால் விண்டோஸ் நிறுவும் திரையை ஒருமுறை பார்த்திருந்தால் அதற்கும் தைரியம் வராது. அங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 2', 'பார்ட்டிஷன் 3' என்று எண்களாக நிற்கும். கடையில் ஒரே நேரத்தில் நான்கு சிஸ்டத்தில் வேலை பார்க்கும் பையன், அளவை வைத்து ஊகித்துத்தான் அழிக்கிறான். பெரும்பாலும் ஊகம் சரியாகத்தான் இருக்கும்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குவது. 1 டி.பி. போதும், 2 டி.பி. என்றால் சில வருடங்களுக்குக் கவலையில்லை. பென் டிரைவ் வேண்டாம். அது ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போகத்தான், வருடக்கணக்கில் அலமாரியில் வைக்க அல்ல. டிஸ்க்கை கேபினெட்டின் முன்பக்கம் இருக்கும் ஓட்டையில் செருகாமல், பின்பக்கம் நீல நிற நாக்கு தெரியும் யு.எஸ்.பி. 3.0 ஓட்டையில் செருகுங்கள். வித்தியாசம் சின்னதல்ல. பழைய கறுப்பு ஓட்டையில் வினாடிக்கு 30, 35 எம்.பி. போகும், 200 ஜி.பி.க்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நீலத்தில் 100 எம்.பி.யை ஒட்டிப் போகும், அரை மணி நேரத்தை ஒட்டி முடியும். போட்டோ மாதிரி ஆயிரக்கணக்கில் சிறுசிறு கோப்புகள் என்றால் இரண்டிலுமே இதைவிடக் கூடத்தான் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

எதை நகலெடுப்பது என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். நம் வீடுகளில் முக்கியமானது எல்லாம் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும்தான் கிடக்கும். பான் கார்டு ஸ்கேன், பிள்ளையின் மார்க் ஷீட், வாடகை ஒப்பந்தம், 'நியூ ஃபோல்டர் (3)' என்ற பெயரில் ஒரு கல்யாண ஆல்பம். சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை முழுதாக எடுத்துவிட்டால் இவை எல்லாம் வந்துவிடும். 'இந்தக் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது' என்று சிலவற்றுக்குச் சொல்லும். அவை பெரும்பாலும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள், தாண்டிவிடுங்கள். டாலியின் தரவு இதில் வராது. டாலிக்குள்ளேயே பேக்கப் வசதி இருக்கிறது, அதில் எடுத்த கோப்பைத் தனியாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் தெரியும். ஃபார்மட் அடித்த பிறகு "டாலி இருக்கு, கணக்கு எங்கே?" என்று கேட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அப்பாவின் குடும்ப வரலாறு பற்றிச் சொன்னீர்கள். அதை எந்த எழுத்துருவில் அடித்திருக்கிறார் என்று பாருங்கள். கொஞ்சம் பழைய ஆள் என்றால் யூனிகோடு (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது முறை) அல்லாத பாமினி, வானவில் மாதிரி ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் வேர்டு கோப்பை மட்டும் நகலெடுப்பது பாதி நகல்தான். அந்தக் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன, எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கே ஒரு அரைப்புள்ளிக் குறிதான் நிற்கும். ஃபார்மட் அடித்து எழுத்துரு போய்விட்டால் நூறு பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொத்துக் கொத்தாகத் தெரியும். என் மாமனார் சேர்த்து வைத்த கோயில் கல்வெட்டுக் குறிப்புகளைப் புது லேப்டாப்பில் திறந்தபோது இப்படித்தான் தெரிந்தது. "வைரஸ் தின்னுடுச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டார். எழுத்துருவை நிறுவியதும் எல்லாம் திரும்பி வந்தது. அதனால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் அந்த எழுத்துருவைத் தேடி எடுத்து, கோப்போடு ஒரே இடத்தில் வையுங்கள். அப்படியே ஒரு பி.டி.எஃப். ஆகவும் சேமித்துவிடுங்கள், அது எங்கே திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். நேரம் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், அதற்கு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள், சில எழுத்துகள் இடம் மாறி உட்காரும்.

ஒரு நகல் போதுமா என்றால், போதாது. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய ஒரு கணக்கு இருக்கிறது, 3-2-1 என்பார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. புகைப்படக்காரரிடமிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை, அவர்களுக்குத் தொலைந்தால் திரும்ப எடுக்க முடியாது. உங்களுக்கு இதை எளிதாக்கிச் சொன்னால், சிஸ்டத்தில் இருப்பது ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருப்பது இரண்டு, மூன்றாவது கூகுள் டிரைவிலோ தங்கை வீட்டு பீரோவில் இன்னொரு டிஸ்க்கிலோ. கூகுளில் இலவசம் 15 ஜி.பி. தான், அதையும் ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்டிரைவில் 5 ஜி.பி. பன்னிரண்டு வருடப் போட்டோ அதில் அடங்காது. குடும்ப வரலாறு, டாலி பேக்கப், சான்றிதழ்கள் ஆகியவை தாராளமாக அடங்கும். போட்டோவுக்கு இரண்டாவது டிஸ்க்தான் மலிவு.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அவை கண்ணாடி மாதிரி. இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் கவனித்தால் பிழைத்தீர்கள். பிள்ளை ஏப்ரலில் அழித்ததை நீங்கள் தீபாவளிக்குத் தேடினால் கிடைக்காது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நகலெடுத்து முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் சித்தப்பா பையன் ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பான். பேக்கப் விஷயத்தில் கெட்டிக்காரன், எக்ஸ்டர்னல் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும், வேலை முடிந்ததும் அதில் ஒரு பிரதி போட்டுவிடுவான். ஒருநாள் ஒரு டிசைன் மென்பொருளைக் காசு கட்டாமல் ஓட்டுவதற்கு கிராக் தேடி இறக்கினான். அதை ஓட்டிய அரை மணி நேரத்தில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து வால் முளைக்க ஆரம்பித்தது. எனக்கு போன் வந்து நான் போவதற்குள் முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம் இருந்தது. 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி, 490 என்று ஆடித் தள்ளுபடி மாதிரி எழுதியிருந்தார்கள். செருகியிருந்த டிஸ்க்கிலும் அதே கடிதம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். 'ஸ்டாப்' என்று பெயரிடப்பட்ட இந்தக் குடும்பத்து ரான்சம்வேர் பெரும்பாலும் கிராக், கீஜென் மாதிரித் திருட்டு வழிகளில்தான் வருகிறது. அவன் பணம் கட்டவில்லை. ஆறு வருட டிசைன்கள் போனது போனதுதான். வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பி.டி.எஃப்.களைத் திரும்பக் கேட்டு வாங்கிக் கொஞ்சம் மீட்டான்.

செருகி வைக்காவிட்டால் மறந்துபோகும் என்பீர்கள். உண்மைதான். விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது, கன்ட்ரோல் பேனலில் தேடினால் வரும். அதை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு அமைத்துவிட்டால் போதும். டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும், பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு டிஸ்க்கைச் செருகி, 'ரன் நவ்' அழுத்தி, முடிந்ததும் கழற்றி வைப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் எந்தக் கிழமை என்பது மறந்தாலும் இது மறப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு நாலு போட்டோ, ஒரு வேர்டு கோப்பு, ஒரு வீடியோ திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் நின்றுகொண்டு தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள், ஒன்றும் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாகவே இருந்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு முன் அவர் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது. மறைக்காமல் எல்லாவற்றையும் அவர்களே வெளியே எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது. தொழிலே அதுவாக இருப்பவர்கள் நிலைமை இது என்றால், நாம் எந்த மூலை?

நகல் முடிந்ததா? இப்போது ஹார்டு டிஸ்க்கின் நாடி பிடித்துப் பார்க்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் கதை முடிகிறது. மஞ்சள் வந்தால் கீழே பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் ஒதுக்கி, வேறு இடம் கொடுத்த பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 படிக்கவே முடியாதவை. இவற்றில் பூஜ்யம் அல்லாத எண் இருந்து, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டும் போனால், வேறு எந்த வைத்தியமும் வேண்டாம், டிஸ்க்கை மாற்றுங்கள். எட்டு வருடம் ஓடிய டிஸ்க் மஞ்சள் காட்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இந்த நிலையில் ஃபார்மட் அடித்திருந்தால், செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் புது விண்டோஸ் ஏறி, இரண்டு மாதத்தில் அதுவும் படுத்திருக்கும். டிக், டிக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம். நகலை முதலில் எடுங்கள்.

இனி அப்டேட். ஆஃப் செய்யச் சொன்ன கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. மெதுவான டிஸ்க்கில் அப்டேட் ஓடும்போது சிஸ்டம் ஒரு மணி நேரம் நின்றுபோகும், வாடிக்கையாளர் அவரைத்தான் திட்டுவார். ஆனால் 2017-இல் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸில் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஒரு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகப் புகும் வான்னக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பியது மே 12 அன்று. நடுவில் எட்டு வாரத்துக்கு மேல் இருந்தது. அந்த எட்டு வாரத்தில் அப்டேட் போடாத கணினிகள், சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேல், பூட்டிக்கொண்டன. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. யாரும் எதையும் கிளிக் செய்யவேண்டிய அவசியம்கூட இல்லை, அது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்டேட்டே கெடுத்த கதையும் உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலருடைய டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளையே துடைத்துவிட்டது. நான்காம் நாளே நிறுத்தினார்கள், சரிசெய்து நவம்பர் 13-இல்தான் திரும்ப விட்டார்கள். அன்றைக்குத் தப்பியவர்கள் இரண்டே வகை: அவசரப்படாதவர்கள், நகல் வைத்திருந்தவர்கள். அதனால்தான் நகலை முதலில் வைத்தேன். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒரு வாரத்துக்குள் போடுங்கள். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ஒன்றிரண்டு மாதம் பொறுத்துப் போடுங்கள், குற்றமில்லை.

மாதாந்திர அப்டேட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அன்று அமெரிக்கக் காலையில் வெளியாகும். நமக்கு அன்றிரவு பத்தரை, பதினொன்றரை. ஆகவே அந்த வாரம் புதன், வியாழனில் சிஸ்டம் கொஞ்சம் முனகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த வைஃபையை மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்து வைத்தால், டேட்டாவை முழுங்காமல் இருக்கும். பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை இருக்கும் வாரம் என்றால் அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், விண்டோஸ் 10-இல் 35 நாள் வரை தள்ளிப்போடலாம். நிரந்தரமாக ஆஃப் செய்வதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

"தினமும் ஷட் டவுன் பண்றேன், ஆனாலும் அப்டேட் பெண்டிங்னு காட்டுது" என்பது நான் அதிகம் கேட்கும் புகார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யு.வைத் தேர்ந்தெடுத்தால் கீழே 'அப் டைம்' என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். முதல் எண் நாள். நேற்றிரவு அணைத்த சிஸ்டத்தில் அது 41 என்று காட்டினால் மிரளாதீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதியை முழுதாக அணைக்காமல் டிஸ்க்கில் எழுதித் தூங்க வைத்துவிடும், மறுநாள் அதையே எழுப்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் எல்லாம் அணைந்து புதிதாக எழும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். காரணமில்லாத மெத்தனமும், ஒலி வராதது, பிரின்டர் தெரியாதது மாதிரியான தொல்லைகளும் இதிலேயே பாதி தீரும்.

ஆனால் உங்கள் சிஸ்டத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து. உங்களுடையது ஏழு, ஒரு படியில் தவறவிட்டீர்கள். வீட்டுப் பயனாளர்களுக்கென்று நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை வைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒன்டிரைவுக்கு ஒத்திசைத்தால் காசில்லை, இல்லையென்றால் 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும், பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். இது மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு இடம், அவ்வளவே. அதற்கு மேல், டாலி ஓட வேண்டும் என்றால் பழைய சிஸ்டத்தைக் குறுக்கு வழியில் 11-க்கு ஏற்றாமல், எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட ஒன்றை வாங்கிவிடுங்கள் என்பேன். டாலியை அங்கே மாற்றிவிட்டு, இந்த சிஸ்டத்தில் பிரவுசர், வீடியோ, அப்பாவின் தட்டச்சு மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம். தமிழ் தட்டச்சு அதில் நன்றாகவே வேலை செய்கிறது, அப்பாவுக்கு ஒரு வாரம் முணுமுணுப்பு இருக்கும். புது விண்டோஸ் 11 கணினி வாங்கினால் ஒரு வேலையை மறக்காதீர்கள். பல புது கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது, அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். என்றோ ஒருநாள் மதர்போர்டு மாற்றும்போது அது கேட்கும், கணக்கின் பாஸ்வேர்டும் மறந்திருந்தால் உங்கள் போட்டோவை உங்களாலேயே திறக்க முடியாது.

சரி, இப்போது வேகம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வரியைப் பாருங்கள். ஆன் செய்த முதல் பத்து நிமிடம் 100% என்று சிவந்து நிற்கும், ஆனால் வேகம் வினாடிக்கு ஒரு எம்.பி.யைக்கூடத் தாண்டாது. முரணாகத் தெரியும், முரணில்லை. 7200 சுற்று ஹார்டு டிஸ்க் என்பது வினாடிக்கு 120 தடவை சுற்றும் ஒரு தட்டு. அதன் மேல் ஊசி மாதிரி ஒரு முனை தேடிப் போய் நிற்க ஏறத்தாழ நூறில் ஒரு வினாடி ஆகிறது. அப்படியென்றால் வினாடிக்கு நூறு இடத்துக்குத்தான் போக முடியும். விண்டோஸ் எழும்போது கேட்பதெல்லாம் 4 கே.பி. மாதிரித் துக்கடாக்கள். நூறு தடவை நான்கு கே.பி. என்றால் 400 கே.பி., அதிலேயே டிஸ்க் மூச்சுத் திணறிவிடும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே இல்லை, ஆயிரக்கணக்கான இடங்களுக்கு அதே வினாடியில் போய் வரும். உங்கள் ஐந்து நிமிடம் அரை நிமிடத்துக்குள் வருவதற்கு ப்ராசஸரையோ ராமையோ மாற்ற வேண்டியதில்லை, இந்த ஒரு பொருள் போதும். 500 ஜி.பி., 2.5 அங்குல சாட்டா வகை என்று கேட்டு வாங்குங்கள், உங்கள் போர்டில் கண்டிப்பாகப் பொருந்தும். ஃபார்மட்டும் தேவையில்லை, சி-யில் இருப்பதை அப்படியே குளோன் செய்து மாற்றலாம். எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு பழைய பழக்கத்தில், சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் மென்பொருள் ஓட்டாதீர்கள். அதற்கு வேண்டியதை விண்டோஸே வாரம் ஒருமுறை செய்துகொள்ளும்.

ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை ஆஃப் செய்வது, சி-யில் இருபது முப்பது ஜி.பி. காலியாக வைத்திருப்பது, குரோமில் யாரோ சேர்த்த எக்ஸ்டென்ஷன்களைக் களைவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று அடிக்கடி எழும்பினால் அது வைரஸ் அல்ல, ஏதோ ஒரு தளத்துக்கு 'அலோ' கொடுத்துவிட்டதால் வரும் அறிவிப்பு. பிரவுசர் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் நீக்கினால் போய்விடும். வேகமாக்கித் தருகிறேன் என்று வரும் கிளீனர், பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் எதுவும் வேண்டாம். 2017-இல் மிகப் பிரபலமான சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்கு அது தீநிரலோடு போனது. ஆன்டிவைரஸுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். கிராக் போட்ட ஆன்டிவைரஸை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள்.

மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போனதும் சிஸ்டம் அணைகிறதென்றால் உள்ளே இருக்கும் பேட்டரி போய்விட்டது, இரண்டு மூன்று வருடம்தான் அதன் ஆயுள். யு.பி.எஸ். இல்லாமல் பயாஸ் (மதர்போர்டிலேயே இருந்து சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) அப்டேட் செய்யவே செய்யாதீர்கள், பாதியில் கரண்ட் போனால் போர்டே போகலாம். தேதி ஒவ்வொரு நாளும் பழைய வருடத்துக்குப் போய், எந்தத் தளமும் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுத்தால், மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரியை மாற்றினால் போதும். இதற்கும் ஃபார்மட் அடித்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது ஃபார்மட் என்ற வார்த்தையை நீங்கள் எடுக்காதீர்கள். "எஸ்.எஸ்.டி. போட்டு சி-யை குளோன் பண்ணிக் கொடுங்க, தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாத்துங்க, அப்டேட்டைத் தொடாதீங்க" என்று இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பழைய ஹார்டு டிஸ்க் நீலம் காட்டியிருந்தால் அதே கேபினெட்டில் இரண்டாவதாக இருக்கட்டும், முக்கியமானதை அதை நம்பி வைக்காதீர்கள். மஞ்சளோ சிவப்போ என்றால் கழற்றச் சொல்லி, கையோடு வாங்கி வந்துவிடுங்கள். "எக்ஸ்சேஞ்சில் இருநூறு ரூபாய் தருகிறேன்" என்பார். அதில் உங்கள் வீட்டு ஆதார், பான், பாஸ்புக் நகல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.